ஏறத் தெரிந்தால் போதாது. இறங்கவும் தெரிய வேண்டும்!

ஸ்பிதி மலைநாட்டில் குதிரைப் பயணம்

மாதேரானுக்குப் போகாத மும்பைத் தமிழர்கள் குறைவு. நேரல் நிலையத்தில் இறங்கினால், மலைமேல் போக 1907-ல் போட்ட குட்டி ரயில் பாதை இருக்கிறது. ரயிலில் இடம் கிடைக்காதவர்கள் டாக்சி பிடித்து தஸ்தூரி நாகா வரை போவார்கள். அதற்கு மேல் கார் போகக் கூடாது. அங்கே குதிரைக்காரர்கள் வந்து சூழ்ந்துகொள்வார்கள். பேரம் பேசி ஏறி உட்கார்ந்தால், குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பார். பையன் சிரிப்பான்; அம்மா பயப்படுவார்; அப்பா படம் எடுப்பார்.

இதற்குப் பெயர் குதிரைச் சவாரியா? இல்லை. குதிரை மேல் உட்கார்ந்து போவது, அவ்வளவுதான். கடிவாளம் நம் கையில் இல்லையே!

கடிவாளத்தைத் தம் கையில் வைத்துக்கொண்டு, ஐந்து நாள், பத்து நாள் என்று மலைமேல் குதிரையோடு போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கென்றே விடுமுறை எடுக்கிறார்கள். கிர்கிஸ்தானில் 3,000 மீட்டருக்கு மேல் இருக்கும் சோங்குல் ஏரிக்குக் குதிரையில் போய், ஆட்டு இடையர்களின் கம்பளிக் கூடாரத்தில் தங்குகிறார்கள். ஆப்பிரிக்காவில் நாடு முழுவதும் மலையாகவே உள்ள லெசோதோவில், பசோத்தோ என்ற மட்டக்குதிரையில் ஊர் ஊராகப் போகிறார்கள்.

நம் நாட்டிலும் அப்படிப்பட்ட இடம் உண்டு. அதிகம் பேர் அறியாத இடம். இமாசலப் பிரதேசத்தில் உள்ள ஸ்பிதி.

"மாதச் சம்பளக்காரனுக்கு இது எதற்கு?" என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ரயில்வேயில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்ல முடியும். கோடை பிறந்துவிட்டால் அரித்துவாருக்கும் ரிஷிகேசுக்கும் டிக்கெட் கேட்டு வருகிறவர்களில் நம்மவர்கள் ஏராளம். அவர்களில் பலர் கேதார்நாத் போகிறவர்கள். அங்கே குதிரை ஏறுகிறவர்கள். வாழ்நாளில் ஒரே ஒரு முறை ஏறினாலும் அது மலைக்குதிரைதான். ஆகவே தேர்ந்த சவாரிக்காரர் மலையில் எப்படி நடந்துகொள்கிறார் என்பது நமக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

ஸ்பிதி எங்கே இருக்கிறது?

டெல்லி வழியாகக் கால்கா வரை ரயில். கால்காவிலிருந்து சிம்லாவுக்கு 96 கிலோ மீட்டர் தூரம் குறுகிய பாதை. 1903-ல் திறக்கப்பட்ட இந்தப் பாதையில் நூற்றுக்கு மேற்பட்ட சுரங்கங்கள் உண்டு. சிம்லாவோடு ரயில் முடிந்தது.

அதற்கு மேல் அரசு பஸ். சத்லஜ் நதியை ஒட்டி ராம்பூர் வழியாக ரெக்காங் பியோ என்ற ஊருக்கு ஒரு நாள். அங்கிருந்து ஸ்பிதியின் தலைமை ஊரான காஸாவுக்கு இன்னொரு நாள். ஆக, சிம்லாவிலிருந்து 400 கிலோ மீட்டருக்கு மேல் பஸ்ஸிலேயே போக வேண்டும். மணாலியிலிருந்து குன்சும் கணவாய் வழியாகவும் வரலாம். ஆனால் அந்தப் பாதை கோடையில் மட்டும்தான் திறந்திருக்கும். ரெக்காங் பியோ வழியாகப் போகும் வெளிநாட்டவர் தனி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். நமக்கு அது தேவையில்லை.

காஸா கடல் மட்டத்திலிருந்து சுமார் 12,000 அடி உயரத்தில் இருக்கிறது. நம் ஊட்டி சுமார் 7,350 அடி என்பதை நினைத்துப் பார்த்தால் உயரம் விளங்கும். மரம் அதிகம் கிடையாது. மழையும் குறைவு. மண்ணும் பாறையும் பனியும்தான். அதனால்தான் இதைக் குளிர்ப் பாலைவனம் என்கிறார்கள்.

குளிர்ப் பாலைவனத்தின் கப்பல்

இந்தப் பாலைவனத்தின் கப்பல் ஒட்டகம் அல்ல, குதிரை. அதன் பெயர் சாமுர்த்தி. மேற்குத் திபெத்தில் உள்ள ஒரு வட்டாரத்தின் பெயரே குதிரைக்கும் ஆகிவிட்டது.

பந்தயக் குதிரையை நினைத்துக்கொண்டு இதைப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். குதிரையின் உயரத்தைக் 'கை' கணக்கில் அளப்பார்கள். ஒரு கை என்பது நான்கு அங்குலம். சாமுர்த்திக் குதிரை 12 முதல் 14 கை வரைதான். அதாவது தோள் உயரம் நான்கு அடி முதல் நான்கு அடி எட்டு அங்குலம் வரை. கால் கட்டை, உடம்பு திண்ணென்று இருக்கும், மயிர் அடர்த்தி. குளிரைத் தாங்கும். கிடைத்ததைத் தின்னும். காற்றில் பிராணவாயு குறைந்த இடத்திலும் சுமை ஏற்றிக்கொண்டு நடக்கும். கூழாங்கல் சரிவில் கால் வைக்கும் இடத்தைத் தானே பார்த்து வைக்கும்.

ஸ்பிதியின் கிளைப் பள்ளத்தாக்கான பின் என்ற இடம் இந்தக் குதிரை வளர்ப்புக்குப் பெயர்போனது. லரி என்ற ஊரில் அரசாங்கமே குதிரைப் பண்ணை வைத்திருக்கிறது. ஆண்டுதோறும் நவம்பர் மாதம் ராம்பூரில் 'லவி' என்ற பெரிய சந்தை கூடும். கம்பளி, உலர்ந்த பழம் இவற்றோடு குதிரையும் அங்கே விலையாகும். நம் ஊர் மாட்டுச் சந்தை போல என்று வைத்துக்கொள்ளலாம்.

புஷஹர் சமஸ்தானத்துக்கும் திபெத்துக்கும் 17-ம் நூற்றாண்டில் ஏற்பட்ட வணிக உடன்படிக்கையோடு இந்தச் சந்தையைச் சேர்த்துப் பேசுவார்கள். உப்பும் கம்பளியும் அந்தப் பக்கம் இருந்து வரும். தானியம் இந்தப் பக்கம் இருந்து போகும். எல்லாம் குதிரை முதுகிலும் ஆட்டு முதுகிலும்தான். 1962-ல் நடந்த சீனப் போருக்குப் பின் எல்லை மூடிக்கொண்டது. குதிரையின் முதல் பிழைப்பு அன்றோடு போயிற்று.

ஐந்து நாள் பாதை

காஸாவுக்கு மேலே மலை முதுகில் வரிசையாகச் சில கிராமங்கள் இருக்கின்றன. லாங்சா, ஹிக்கிம், கோமிக், தெமுல், லாலுங், தங்கர். ஒரு நாளைக்கு ஓர் ஊர், இரண்டு ஊர் என்று குதிரையில் போனால் ஐந்து, ஆறு நாளில் சுற்றி வரலாம். இரவில் கிராமத்து வீடுகளிலேயே தங்கலாம்.

லாங்சாவில் பாறையை உடைத்தால் நத்தை போன்ற கடல் பிராணிகளின் கல்லான உருவங்கள் கிடைக்கும். இமயமலை எழும்புவதற்கு முன் அங்கே கடல் இருந்ததற்கு அது சாட்சி. ஹிக்கிமில் ஒரு தபால் நிலையம் இருக்கிறது. 14,400 அடி உயரத்தில் 1983 முதல் நடக்கிறது. உலகிலேயே மிக உயரத்தில் உள்ள தபால் நிலையங்களில் அதுவும் ஒன்று. குமாஸ்தா வேலை பார்க்கும் நமக்கு அங்கே முத்திரை குத்துகிறவரை நினைத்தால் மரியாதை வருகிறது! அடுத்த ஊரான கோமிக் 15,000 அடி. கடைசியில் வரும் தங்கர், ஸ்பிதியின் பழைய தலைநகரம்; செங்குத்தான மேட்டில் மடாலயம் தொங்கிக்கொண்டிருப்பது போலத் தெரியும்.

இந்த ஊர்களுக்கு இப்போது மோட்டார் வண்டியும் போகிறது. ஆனால் குதிரைப் பாதை வேறு. அது மேய்ச்சல் நிலங்களின் வழியே போகிறது.

மிகவும் தேர்ந்தவர்களுக்கு வேறொரு பாதை உண்டு. கிப்பர் என்ற ஊரிலிருந்து பராங்லா கணவாயைத் தாண்டி, லடாக்கில் உள்ள சோ மொரிரி ஏரிக்குப் போகும் பழைய வணிகப் பாதை. ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். கணவாய் 18,000 அடிக்கு மேல். பனிக்கட்டிப் பரப்பையும் ஆறுகளையும் கடக்க வேண்டும். பனி உருகி வரும் ஆறு காலையில் முழங்கால் அளவு ஓடும். மாலையில் குதிரையையே புரட்டிவிடும். ஆகவே ஆற்றைக் காலையிலேயே கடந்துவிட வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பயணத்தின் மிக உயரமான இடத்தில் யாரும் குதிரை மேல் இருப்பதில்லை. பனிச் சரிவில் எல்லோரும் இறங்கி, குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள்!

தேர்ந்தவர் யார்?

மைதானத்தில் தேர்ந்தவர் என்றால் வேகமாக ஓட்டுகிறவர். தடை தாண்டுகிறவர். மலையில் அந்தக் கணக்கு செல்லாது.

மலையில் தேர்ந்தவர் முதலில் எடையைக் கணக்குப் பார்க்கிறார். குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது குதிரை அறிந்தவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு. 250 கிலோ எடையுள்ள மட்டக்குதிரை என்றால் 50 கிலோ. சேணம், கம்பளி, பை எல்லாம் சேர்ந்து 10 கிலோ என்று வைத்துக்கொண்டால் மீதி 40 கிலோ. நம்மில் 40 கிலோ இருக்கிறவர் யார்? ஆறாம் வகுப்புப் பையன்தான்!

ஆனாலும் பெரியவர்களும் ஏறத்தான் செய்கிறார்கள். கெட்டியான மலைக்குதிரை கொஞ்சம் கூடுதலாகவும் தாங்கும். அந்தக் கூடுதலை ஈடு செய்வது எப்படி என்று தெரிந்தவரே தேர்ந்தவர்.

ஏற்றத்தில் அவர் உடம்பை முன்னால் சாய்க்கிறார். தேவைப்பட்டால் பிடரி மயிரைப் பிடித்துக்கொள்கிறார்; கடிவாளத்தைப் பிடித்துத் தொங்குவதில்லை. கடிவாளத்தை இழுத்தால் குதிரையின் வாய்தான் புண்ணாகும். இறக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, குதிகாலை அழுத்தி, குதிரையின் தலையைத் தளர விடுகிறார். தலையை ஆட்டித்தான் குதிரை தன் நிலையைச் சரிப்படுத்திக்கொள்கிறது. செங்குத்தான இறக்கம் வந்தால் இறங்கி நடக்கிறார்.

புறப்பட்ட அரை மணியில் ஒருமுறை நின்று, குதிரையின் வயிற்றைச் சுற்றியுள்ள வாரை இழுத்துப் பார்க்கிறார். நடக்க நடக்க அது தளர்ந்துவிடும். தளர்ந்தால் சேணம் நழுவும். நழுவினால் ஆள் கீழே. சேணம் பின்னால் போகாமல் மார்பு வாரும், முன்னால் வராமல் வால் வாரும் மலைக்குதிரைக்கு அவசியம்.

இன்னொரு விஷயம். பொதி சுமந்து பழகிய குதிரை பள்ளத்தின் ஓரமாகவே நடக்கும். உட்பக்கம் நடந்தால் மூட்டை பாறையில் இடிக்கும் என்று அதற்குத் தெரியும். புதிதாக ஏறுகிறவருக்கு அடிவயிறு கலங்கும். பயத்தில் கடிவாளத்தை உட்பக்கம் இழுப்பார். குதிரை குழம்பும். குதிரை குப்புறத் தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்தது என்று நம் ஊரில் பழமொழி சொல்வார்கள். மலையில் பெரும்பாலும் குதிரை தள்ளுவதில்லை. தள்ளும்படி நாம்தான் செய்துவிடுகிறோம்.

உயரம் காட்டும் வித்தை

நடந்து மலை ஏறுகிறவர் களைத்துப்போய்த் தாமாகவே நின்றுவிடுவார். குதிரையில் ஏறுகிறவருக்குக் களைப்புத் தெரியாது. மளமளவென்று மேலே போய்விடுவார். அங்கேதான் ஆபத்து. குதிரை அந்த உயரத்திலேயே பிறந்து வளர்ந்தது. நாம் தாதரிலிருந்தும் தாராவியிலிருந்தும் போகிறவர்கள்.

10,000 அடிக்கு மேல் போனால், ஒரு நாளைக்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு அடிக்கு மேல் படுக்கும் இடத்தை உயர்த்தக்கூடாது. மூன்று, நான்கு நாளைக்கு ஒருமுறை ஒரு நாள் அதே இடத்தில் தங்க வேண்டும். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தால் மேலே போகக்கூடாது. நடை தள்ளாடினாலோ, சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே கீழே இறங்க வேண்டும். இங்கேயும் 'இறங்கத் தெரிய வேண்டும்' என்பதே பாடம்.

சாலை வந்தது, குதிரை போகிறது

சாலை வந்ததைக் குறை சொல்ல முடியாது. பிரசவ வேதனையில் இருக்கும் பெண்ணைக் குதிரையில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன காலம் திரும்ப வேண்டும் என்று மலைக்காரர் யாரும் விரும்ப மாட்டார்கள்.

ஆனால் சாலை வந்த இடத்தில் குதிரைக்கு வேலை இல்லை. ஸ்பிதிக்கு வடக்கே சன்ஸ்கார் என்ற பகுதி இருக்கிறது. தார்ச்சாவிலிருந்து பதும் வரை, சிங்குலா கணவாய் வழியே நடந்து போகிறவர்களின் மூட்டைகளைக் குதிரைக்காரர்கள் பல ஆண்டுகளாகச் சுமந்து கொடுத்தார்கள். 2024-ல் அந்த வழியே நிம்மு, பதும், தார்ச்சா சாலை இணைந்துவிட்டது. இப்போது அங்கே ஜீப் போகிறது.

நாடு முழுவதும் இதே கதைதான். 2012-ல் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஆறு லட்சத்துக்கு மேல் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் இருந்தன. 2019 கணக்கெடுப்பில் அது 3 லட்சத்து 40 ஆயிரமாகக் குறைந்துவிட்டது. ஏழு ஆண்டில் 45 சதவீதத்துக்கு மேல் காணாமல் போயிற்று.

மலையில் குதிரை வைத்திருப்பது இலவசம் அல்ல. கோடையில் அது மேய்ந்துகொள்ளும். பனி மூடிய மாதங்களில் சேர்த்து வைத்த புல்லையும் பார்லியையும் போட வேண்டும். வேலை இல்லாத குதிரைக்கு எத்தனை குளிர்காலம் தீனி போட முடியும்? குதிரைக்காரர் அடுத்த லவி சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவார். சவாரிக்காகவும் பொதிக்காகவும் ஆள் வந்தால், அந்தக் குதிரை இன்னும் ஓர் ஆண்டு வீட்டில் நிற்கும். ஸ்பிதியில் இப்போது உள்ள நிலை இதுதான்.

கேதார்நாத் போகும் நம்மவர்களுக்கு

ஆள் வந்தால் போதுமா? ஆள் அளவுக்கு மீறி வந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கேதார்நாத் உதாரணம். கௌரிகுண்டிலிருந்து சுமார் 16 கிலோ மீட்டர் ஏற்றம். 2022 யாத்திரைக் காலத்தில் அந்த வழியில் நூற்றுக்கு மேற்பட்ட குதிரைகளும் கோவேறு கழுதைகளும் செத்து விழுந்தன. ஓய்வில்லை, தண்ணீர் சரியாக இல்லை, ஒரு நடை போய் வந்ததும் மறுபடி ஏற்றினார்கள்.

ஏறுகிறவர் இரண்டு நிமிடம் செலவிட்டால் இதில் பாதியையாவது தடுக்கலாம்.

விலை பேசுவதற்கு முன் குதிரையைப் பாருங்கள். நொண்டுகிறதா? கம்பளியைத் தூக்கச் சொல்லி முதுகைப் பாருங்கள். புண் இருந்தால் வேறு குதிரை கேளுங்கள். "இன்று ஏற்கனவே ஒரு நடை போய் வந்ததா பாய்?" என்று கேளுங்கள். போய் வந்தது என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

உடல் கனத்தவர்கள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஏறாதீர்கள். மூட்டையைச் சேணத்தில் மாட்டாதீர்கள். வழியில் தண்ணீர்த் தொட்டி கண்டால் நிறுத்தச் சொல்லுங்கள். படிக்கட்டு இறக்கத்தில், கால் நன்றாக இருக்கிறவர்கள் இறங்கி நடங்கள். நடக்கும்போது எதிரே குதிரைகள் வந்தால் மலைச்சுவர்ப் பக்கமாக ஒதுங்குங்கள். பள்ளத்துப் பக்கம் நிற்காதீர்கள். குதிரையை அடித்து ஓட்டினால், "அவசரமில்லை, மெதுவாகப் போகட்டும்" என்று குதிரைக்காரரிடம் தன்மையாகச் சொல்லுங்கள். காசு கொடுக்கிற நாம் அவசரப்படுத்துவதால்தான் பல நேரம் அவரும் அடிக்கிறார்.

சவாரி தெரியாதவர் என்ன செய்வது?

சவாரி கற்காமல் ஸ்பிதியில் கடிவாளத்தைக் கையில் வாங்கக்கூடாது. மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கிய கதைதான். நகரங்களில் உள்ள பயிற்சிக் கழகங்களில் சில மாதங்களாவது பழகி, நடை, பெருநடை, ஓட்டம் மூன்றிலும் சேணத்தில் ஆடாமல் உட்காரத் தெரிந்த பிறகே போக வேண்டும்.

ஆனால் நமக்கு ஏற்ற வழி ஒன்று உண்டு. மத்திய அரசு ஊழியர்களுக்கு நான்கு ஆண்டுக்கு ஒருமுறை இந்தியாவின் எந்தப் பகுதிக்கும் போக எல்.டி.சி. சலுகை இருக்கிறது. ரயில்வேக்காரர்களுக்குப் பாஸ் இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஸ்பிதிக்குப் போகிறவர்கள், காஸாவில் இரண்டு நாள் தங்கி உடம்பைப் பழக்கிக்கொண்டு, கிராமத்தில் ஒரு குதிரைக்காரரை அமர்த்துங்கள். கூலி, குதிரைத் தீனி, அவர் திரும்பிப் போகும் நாளுக்கான கூலி எல்லாவற்றையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். மூட்டையைக் குதிரை சுமக்கட்டும். நீங்கள் பக்கத்தில் நடந்து போங்கள்.

மாலையில் ஊர் போய்ச் சேர்ந்ததும் குதிரைக்காரர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். எவ்வளவு களைப்பாக இருந்தாலும் முதலில் சேணத்தை அவிழ்ப்பார், முதுகைத் தேய்த்துவிடுவார், தண்ணீர் காட்டுவார், தீனி வைப்பார், குளம்பைத் தூக்கிக் கல் சிக்கியிருக்கிறதா என்று பார்ப்பார். அதற்குப் பிறகுதான் அவர் தேநீர் குடிப்பார். சவாரி பழக வேண்டும் என்று ஆசை உள்ளவர்கள், அந்த அரை மணி நேரம் அவருக்குக் கூடமாட உதவி செய்துவிட்டுத் தேநீருக்குப் போகலாம்.